மூன்று கட்டைச் சாரீரம்

தாம் மூன்று கட்டைச் சுருதியில் பாடுகிறவர் என்பது கோதண்டபாணிக்கே ஒரு கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அடையாறு மாசிலாமணி எழுதியிருந்தார்: ‘தங்கள் உருளையைப் பதினைந்து தரம் போட்டுக் கேட்டோம். மூன்று கட்டையில் இப்படி ஒரு சாரீரம் அபூர்வம். சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் தாங்கள் நேரில் பாட வேண்டும். முப்பது பேர் வருகிறார்கள்.’

கோதண்டபாணி மயிலாப்பூரில் ரிஜிஸ்திரார் ஆபீஸ் குமாஸ்தா. ஒரு கட்டைக்கு மேல் குரல் ஏறாது. பஜனை மடத்தில் வாயைத் திறந்தால், “ஓய், கிணத்துக்குள்ளேருந்து யார் கூப்பிடறா?” என்பார்கள். பன்னிரண்டு வருஷமாக ஜால்ராவைக் கொடுத்து மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். பாடச் சொல்லி ஒருவர் அழைப்பது இதுவே முதல் தடவை. கடிதத்தை மனைவி ஜானுவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார்.

மயிலாப்பூர், மீர்சாகிப்பேட்டை, அடையாறு என்று மூன்று வீடுகளில் ஏலத்தில் எடுத்த பழைய போனோகிராப் பெட்டி இருந்தது. குழலுக்குள் பாடினால் மெழுகு உருளையில் பதியும். சீவிவிட்டு மறுபடியும் பாடலாம். பழைய நாடகப் பாட்டுகளை அவரவர் வீட்டில் பதித்து மாற்றிக்கொள்வார்கள். மீர்சாகிப்பேட்டை ஷரஃபுதீன்தான் சைக்கிளில் உருளைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். மாசிலாமணியைக் கோதண்டபாணி பார்த்ததுகூட இல்லை.

கடிதத்தோடு அவர் ஷரஃபுதீன் வீட்டுக்கு ஓடினார். அங்கே ஏதோ உருளை ஓடிக்கொண்டிருந்தது. யாரோ விடலைப் பையன் கணீரென்று, ரயிலைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி பாடிக்கொண்டிருந்தான்.

“யாரு இது?”

“இன்னா சார், நீங்கதான்.”

கோதண்டபாணிக்கு விஷயம் விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. உருளையில் இரண்டு நிமிஷம்தான் பிடிக்கும். நான்கு சரணமும் அடங்கட்டும் என்று வேகத் திருகாணியைத் தளர்த்தி, பெட்டியை மெதுவாக ஓடவிட்டுப் பாடியிருந்தார். திருகாணி அப்படியே இருந்ததால் அவர் வீட்டில் குரல் குரலாகவே கேட்டது. மற்றவர்கள் பெட்டியில், சரியான வேகத்தில், அது மூன்று கட்டைக்கு எகிறிவிட்டது.

ஷரஃபுதீன் விழுந்து விழுந்து சிரித்தார். கோதண்டபாணியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, ஜுரம் என்று எழுதிப் போட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியாது என்று யோசனை சொன்னார். அதுதான் சரி என்று பட்டது. வீட்டுக்கு வந்து மைக்கூட்டைக் கேட்டார். ஜானு எடுத்துத் தரவில்லை.

“ஏன்னா, அடுத்த பாட்டையும் திருகாணியைத் தளர்த்திண்டுதான் பாடுவேளா? ஆயுசு பூரா ஜுரமா?”

மறுநாள் உருளையைச் சீவினார். திருகாணியைச் சரியாக முறுக்கினார். ‘என் நிஜக் குரல் இது. மூன்று கட்டை பெட்டியின் வேலை. சனிக்கிழமை நான் வேண்டாமென்றால் எனக்கு வருத்தமில்லை’ என்று சொல்லிவிட்டுப் பாடினார். இரண்டு சரணத்தோடு மெழுகு தீர்ந்துவிட்டது. வருத்தமில்லை என்றது மட்டும் பொய். உருளையை ஷரஃபுதீனிடம் கொடுத்து அடையாற்றுக்கு அனுப்பினார்.

புதன், வியாழன், வெள்ளி போயிற்று, பதில் இல்லை. ஆபீசில் ஒரே பத்திரத்தை இரண்டு தரம் பதிவு செய்து திட்டு வாங்கினார். சனிக்கிழமை மூன்று மணிக்கு ஷரஃபுதீன் ஓர் உருளையோடு வந்து இறங்கினார். ஜானுதான் பெட்டிக்குச் சாவி கொடுத்தாள்.

கரகரவென்ற இரைச்சலுக்குப் பிறகு, அவர் விட்ட இடத்திலிருந்து மூன்றாவது சரணம் கேட்டது. மாசிலாமணி பாடினார், அதே ஒரு கட்டையில். அப்புறம் பேச்சு:

“சார், உங்களை எட்டிப் பிடிக்கப் பாத்து இங்க மூணு பேருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. பத்து நாளா மிளகுக் கஷாயம் குடிச்சிக்கினு இருக்கேன். இப்பத்தான் நிம்மதியாப் பாடறேன். பின்னால உக்காந்தா கேக்காது, எல்லாரையும் கிட்ட வந்து உக்காரச் சொல்லிட்டேன். ஆறு மணிக்கு வந்துடுங்க.”

கோதண்டபாணி அங்கவஸ்திரத்தைத் தேடினார். அதற்குள் ஷரஃபுதீன் ஒரு ஜட்காவைப் பிடித்து நிறுத்தியிருந்தார். ஜானுவும் புடவை மாற்றிக்கொண்டு ஏறினாள். மந்தைவெளி தாண்டும்போதே அவர் பாட ஆரம்பித்துவிட்டார். ஜட்காக்காரன் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். பிறகு, குதிரையை அதட்டுவதை நிறுத்திக்கொண்டான்.