பட்டனா, கையா?

கலியாண வீடுகளில் பாட்டுப் போடும் டீஜே, புசல்லாவை சதீஸ்குமார், ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்குத் தாளம் பொருத்தி மாறும் வேளையில் யார் யார் ஆடிக்கொண்டிருந்தார்களோ, அவர்கள் அத்தனை பேரும் அதன்பின் ஒரு கிழமை ஒரே அடியில்தான் நடந்தார்கள். கலியாணம் முடிந்து அவரவர் வீட்டுக்குப் போனாலும் இது விடாது. மாப்பிள்ளையின் சித்தப்பா பேராதனை ஆஸ்பத்திரிப் படிகளில் அவசரமாக ஏறினால், பெண்ணின் மாமி கண்டி மார்க்கெட்டில் மரக்கறிப் பையோடு ஓடவேண்டி வரும். ஏழு நாள் கழிந்ததும் அடி மெல்லப் பிசகி ஆளுக்கொரு நடையாகிவிடும். கண்டி வாவிக்கரையில் முன்பின் தெரியாத நாலைந்து பேர் அச்சடித்ததுபோல் நடந்து போனால், ஞாயிற்றுக்கிழமை எங்கோ சதீஸ் பாட்டுப் போட்டிருக்கிறான் என்று கடைக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். அதற்குமேல் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

எங்கள் ஊருக்குச் சந்தேகம் வந்தது வேறு இடத்தில். கால்கள் சேர்வதை நம்பினார்கள். அதை அவன் கையால் செய்கிறான் என்பதைத்தான் நம்பவில்லை. அவனிடம் இருந்தது லெப்டொப்போடு இணைத்த, பாட்டுக்கொரு சக்கரம் வைத்த ஒரு கொன்ட்ரோலர். அதில் 'சிங்க்' என்று ஒரு பட்டன் உண்டு. தட்டினால் இயந்திரமே இரண்டு பாட்டையும் ஒரே வேகத்துக்கு இழுத்து ஒட்டிவிடும். கட்டுகஸ்தோட்டையில் சவுண்ட் வாடகைக் கடை வைத்திருந்த ஹலீம், இன்றைக்கும் இரண்டு பழைய டெக்கில் இசைத்தட்டு சுற்றுகிறவர், "பட்டன அமத்துறவனெல்லாம் டீஜேயா?" என்று முதலில் பற்றவைத்தார். அவ்வளவுதான், கலியாண வீட்டுக்காரர்கள் ஐஸ்கிரீம் கோப்பையோடு சதீஸின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று விரல்களை வேவு பார்த்தார்கள். கம்பளையில் ஒருவர் பட்டனுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டினார். இன்னொருவர் லெப்டொப் திரையை மேசை விரிப்பால் மூடினார். சதீஸ் ஒரு காதில் ஹெட்போனை வைத்து, சக்கரத்தை விரல் நுனியால் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் பிடித்து, வழக்கம்போலவே பொருத்தினான். அப்படியானால் மேசைக்குக் கீழே இன்னொரு பட்டன் இருக்கவேண்டும் என்றார்கள். குனிந்து பார்த்தவர்களும் உண்டு. அங்கே வயர்தான் கிடந்தது.

பொருத்தும்போது தன் கால் அசையக்கூடாது என்பது சதீஸ் தனக்கே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. மாநகர சபையில் கிளார்க்காக வேலை செய்த துஷ்யந்தி, சிநேகிதி ஒருத்தியின் கலியாணத்தில் ஆடியதைப் பார்த்த அன்று அது தவறிப்போனது. அவன் காலும் ஆடிவிட்டது. மற்றவர்களின் அடியெல்லாம் கிழமைக் கடைசியில் பிரிந்தது, இவர்கள் இருவருடையது மட்டும் இரண்டு வருசமாகியும் பிரியவில்லை. அவள் கண்டியில் நடக்கும் வேகத்தில் அவன் புசல்லாவையில் நடந்தான். தேடிப் பேசினார்கள், விரும்பினார்கள், வீட்டாரும் சம்மதித்து நாள் குறித்தார்கள். அப்போதுதான் ஹலீமின் பேச்சு அவள் காதுக்கு வந்தது. கையால் பொருத்தியது எதுவும் நாளடைவில் விலகும், பட்டனில் ஒட்டியதுதான் விலகாது என்றிருந்தார் அவர்.

தங்கள் அடி இன்னும் விலகவில்லையே என்று துஷ்யந்தி யோசித்தாள். தன் கால் தன்னுடையது இல்லையென்றால், மனசு மட்டும் எப்படித் தன்னுடையதாகும்?

"நான் உங்கள விரும்புறதும் பட்டன் தட்டி வந்ததா?" என்று கேட்டே விட்டாள்.

"சத்தியமா தட்டல துஷி. கைதான்."

"கையால செஞ்சது ரெண்டு வருசம் நிக்குமா?"

அவன் குனிந்து, காலில் போட்டிருந்த சப்பாத்தின் நூலைக் கட்டத் தொடங்கினான். அதைப் பார்த்து அவளுடைய சந்தேகம் இன்னும் தடித்தது. அழைப்பிதழ்களை யாருக்கும் கொடுக்காமல் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, நேரே ஹலீமின் கடைக்குப் போனாள். பட்டனையும் கையையும் எப்படிப் பிரித்தறிவது என்று கேட்டாள்.

ஹலீமுக்குக் கொன்ட்ரோலரைக் கண்டால் ஆகாதுதான், ஆனாலும் தொழில் விஷயத்தில் பொய் சொல்லமாட்டார். "பட்டன் எண்டா, மத்தப் பாட்டு வேகம் மாறின ஒடனே இதுவும் மாறும், பிந்தாது. கை எண்டா மொதல்ல காது கேக்கணும், பொறகுதான் தள்ளலாம். அதால கொஞ்சம் பிந்தும் தங்கச்சி" என்றார்.

அடுத்த நாள் மத்தியானம் துஷ்யந்தி வாவிக்கரையில் நின்று சதீஸுக்குப் போனில் கோல் எடுத்தாள். அவன் தேயிலைக்கு நடுவே பஸ் ரோட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தான். "ஒண்ணும் பேசாதீங்க. போன சப்பாத்துக்கிட்ட புடிச்சிக்கிட்டு நடங்க" என்றாள். இரண்டு பேரின் அடியும் ஒன்றாகவே கேட்டது. திடீரென்று ஓடினாள். போனில் சப்பாத்துச் சத்தம் பிந்தியது. தடுமாறி, கொஞ்சம் முந்தி, திரும்பி வந்து சேர்ந்துகொண்டது. சட்டென்று மெதுவாக்கினாள். மெதுவாவதற்கும் அது பிந்தியது, மறுபடியும் சேர்ந்தது. இஷ்டத்துக்கு மாற்றி மாற்றி நடந்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் பிந்தினான், ஒவ்வொரு தடவையும் வந்து சேர்ந்தான்.

அவள் நின்றதும் அவன் போனைக் காதுக்கு எடுத்தான். "நீங்க பிந்துறீங்க" என்றாள். அழுதுகொண்டிருந்தாள்.

"ஒன் அடி எனக்கு உள்ளங்கால்ல கேக்கும் துஷி," அவனுக்கு மூச்சு வாங்கியது. "வெலகுற நேரமெல்லாம் சேத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ரெண்டு வருசமா."

"அன்னைக்கு ஏன் சொல்லல?"

"தள்ளுறது வெளிய தெரிஞ்சா அவன் என்ன டீஜே?"

அழைப்பிதழ்கள் அன்றைக்கே தபாலுக்குப் போயின. கலியாணத்தில் ஹலீமே தன் டெக்குகளைக் கொண்டுவந்து பாட்டுப் போட்டார். யாருடைய காலும் யாரோடும் ஒட்டவில்லை. மேசைக்குக் கீழே குனிந்து பார்ப்பதை ஊர் இன்னும் விடவில்லை. துஷ்யந்தி வேலைக்குப் போகும் காலை நேரத்தில் மட்டும் புசல்லாவையில் யாரும் சதீஸோடு பேசிக்கொண்டு நடப்பதில்லை. அவளுடைய பஸ் பிந்திய நாட்களில் கண்டியில் அவள் ஓட, இங்கே அவனும் ஓடவேண்டியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.