உவாஜிமாவுக்கு வந்த இரண்டு கடிதங்கள்

ஜப்பானின் உவாஜிமா துறைமுகத்தில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில் காலை ஆறு மணிக்கு மீன் அரைக்கத் தொடங்கினால், பிற்பகல் இரண்டுக்குள் கடைசித் தட்டு ஜாக்கோதென் மீன்வடை எண்ணெயிலிருந்து வெளியே வந்துவிடும். அதன்பிறகு நாங்கள் பதினெட்டுப் பெண்களும் ரப்பர் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் மைதானத்துக்கு ஓடுவோம். பேஸ்பால் ஆடத்தான் எங்களை வேலைக்கு எடுத்திருந்தார் முதலாளியம்மா இசோபே. அணிக்கும் அவர்தான் கோச்.

நான் சயோ. கேட்சர், அதாவது பேட் பிடிப்பவளுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவள். பந்து வீசும் பிட்சர் மினாமோ என்னைவிட மூன்று வயது இளையவள். அவள் வீசும் பந்து சுழலாது. சோம்பேறித்தனமாக மிதந்து வந்து, பேட்டை நெருங்கும்போது திடீரென்று ஒரு பக்கம் சாயும். எந்தப் பக்கம் என்று அவளுக்கே தெரியாது. அதைப் பிடிக்கப் பழகுவதற்குள் என் வலது கட்டைவிரல் இரண்டு முறை உடைந்தது.

அமெரிக்காவில் பெண்களுக்காகத் தொடங்கவிருந்த ஒரு லீக்குக்கு ஒசாகாவில் தேர்வு நடந்தது. இருவரும் போய்வந்தோம். மார்ச்சில் இருவருக்கும் கடிதம் வந்தது, ஒரே அணியிலிருந்து. முதலாளியம்மா அதைப் பொரிக்கும் அறையிலேயே நின்று உரக்கப் படித்தார்.

"கேட்டீங்களாடி? நம்ம மீன் நாத்தத்துலேருந்து ரெண்டு பேரு அமெரிக்கா போறாளுங்க!"

அன்று மாலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது மினாமோ கேட்டாள். "பாஸ்போர்ட்டுக்கு எப்பக்கா போலாம்?"

"நான் வரல. நீ போ."

"வெளயாடாதீங்க."

"நெஜமாத்தான். மூணு வருசமா அந்த டோக்கியோக்காரிங்ககிட்ட அரையிறுதியில தோக்கறோம். அவளுங்கள ஒரு தடவையாவது ஜெயிக்காம நான் எங்கயும் போறதா இல்ல."

"இதெல்லாம் ஒரு காரணமா? பயமா இருக்குன்னு சொல்லிட்டுப் போங்களேன்."

"பயந்தவளாடி உன் பந்துக்கு முன்னால மூணு வருசமா குந்திக்கிட்டு இருக்கா?"

அவள் சிரிக்கவில்லை. "அப்ப நானும் போகல. நீங்க இல்லாம என் பந்த யாரு புடிப்பா? நாலு பந்து பின்னாடி ஓடிச்சுன்னா அடுத்த பிளேன்ல ஏத்தி விட்டுருவாங்க."

அதைக் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் இனித்தது, மறைப்பானேன். வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அப்படி இனித்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. நான் பக்கத்தில் இருந்தால்தான் வீச முடியும் என்று ஒரு பிட்சர் நினைத்தால், அதில் எனக்கு என்ன பெருமை?

மறுநாள் முதலாளியம்மாவிடம் போனேன். "மே மாசம் மட்சுயாமாகூட நடக்கற மேட்ச்ல என்னை வெளிய உக்கார வைங்கம்மா. கோதோமி புடிக்கட்டும்."

கோதோமிக்குப் பதினெட்டு வயது. பேக்கிங் பிரிவில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"தோத்துட்டா?"

"தோக்கட்டும்மா."

அவர் கையுறையைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ போகாம இருக்கறது எனக்காகன்னா இப்பவே சொல்லு. இன்னைக்கே சீட்டக் கிழிச்சுடறேன்."

"உங்களுக்காக இல்லம்மா. எனக்காக."

"அப்ப சரி."

அந்த மேட்ச் முழுவதும் மினாமோ என் பக்கமே திரும்பவில்லை. முதல் இன்னிங்ஸில் இரண்டு பந்துகள் கோதோமியைத் தாண்டி ஓடின. எதிரணிக்கு இரண்டு ஓட்டங்கள். மிரண்டுபோன மினாமோ, பிடிக்கச் சுலபமான நேர்ப்பந்தாக வீச ஆரம்பித்தாள். அதை அடித்து நொறுக்கி இன்னும் ஒன்று எடுத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குக் கை துறுதுறுத்தது. தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

அப்போது கோதோமி முகக்கவசத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு பிட்சர் மேட்டுக்கு நடந்தாள். அவள் என்ன சொன்னாள் என்று பிறகுதான் தெரிந்தது.

"அக்கா, நீங்க உங்க பந்தையே போடுங்க. மூஞ்சியால புடிச்சாலும் புடிச்சிருவேன்."

மினாமோ சிரித்துவிட்டாள். அதன்பிறகு அவள் தன் பந்தைத்தான் வீசினாள். கோதோமி அதை நெஞ்சில் வாங்கினாள், தோளில் வாங்கினாள், சில நேரம் கையுறையிலும் வாங்கினாள். ஆனால் ஒன்றுகூடப் பின்னால் போகவில்லை. கடைசி ஐந்து இன்னிங்ஸில் மட்சுயாமாவால் ஒரு ஓட்டம்கூட எடுக்க முடியவில்லை. மூன்றுக்கு இரண்டில் தோற்றோம்.

மினாமோ என் முன்னால் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. "என்னைத் தொரத்தறீங்க."

"ஆமா."

"அவ கழுத்தெல்லாம் கன்னிப்போச்சு."

"புடிச்சாளா இல்லையா?"

"புடிச்சா." கொஞ்ச நேரம் தரையைக் காலால் கிளறினாள். "போறேங்க்கா. ஆனா ஒண்ணு. அங்க நான் நல்லா வீசுனா, அது உங்களால இல்ல. என்னால."

"அதத்தாண்டி உன் வாயிலேருந்து கேக்கணும்னு இருந்தேன்."

ஜூலையில் கிளம்பிப் போனாள். ஆகஸ்டில் அவளுடைய முதல் ஆட்டம் எங்களுக்குக் காலை எட்டு மணிக்கு வந்தது. வேலை நாளில் ஒருபோதும் அணையாத எண்ணெய் அடுப்பை முதலாளியம்மாவே அணைத்தார். எல்லோரும் ஒரு போனைச் சுற்றி முண்டியடித்தோம். அமெரிக்கக் கேட்சர் முதல் பந்தைத் தவறவிட்டாள். "ஐயய்யோ!" என்று பதினேழு பேரும் கத்தினோம். மினாமோ பதறவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு அதே பந்தை மறுபடியும் வீசினாள். இந்தத் தடவை அது கையுறையில் உட்கார்ந்தது. ஐந்து இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு ஓட்டம்தான் கொடுத்தாள். மீன் இறக்க வந்த லாரி டிரைவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து, "எங்க பொண்ணுய்யா, பாருய்யா!" என்று போனைக் காட்டினார் முதலாளியம்மா.

அக்டோபரில் டோக்கியோ அணியை மறுபடியும் அரையிறுதியில் சந்தித்தோம். கடைசி இன்னிங்ஸ், நாங்கள் நான்கு, அவர்கள் மூன்று. இரண்டு பேர் அவுட். சமன்செய்யும் ஓட்டத்துக்காக மூன்றாவது பேஸிலிருந்து ஒருத்தி என்னை நோக்கிப் பாய்ந்து வந்தாள். பந்தும் வந்தது. வாங்கித் திரும்பி அவள் காலில் அழுத்தினேன். இருவரும் உருண்டோம். அவுட் என்று அம்பயரின் கை மேலே போனதைத் தரையில் கிடந்தபடியே பார்த்தேன். இறுதிப் போட்டியிலும் விடவில்லை. கோப்பை உவாஜிமாவுக்கு வந்தது.

மினாமோ போனில் கூப்பிட்டு, பேச முடியாமல் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"அதான் ஜெயிச்சாச்சுல்ல. அடுத்த வருசமாவது இங்க வர்றீங்களா?"

"சும்மா இருடி. டோக்கியோக்காரிங்க அடுத்த வருசம் வெறியோட வருவாளுங்க. கோப்பைய யாரு காப்பாத்தறது?"