தேதி போடாத சீட்டு

அக்காவின் வாயில் எப்போதும் குண்டூசி இருக்கும். நாலைந்து ஊசிகளை உதட்டில் இடுக்கிக்கொண்டுதான் துணியைப் பிடிப்பாள், மடிப்பாள், குத்துவாள். அதனால் எங்கள் கடையில் பேச்சு குறைவு, சீட்டு அதிகம்.

துணிகளைச் சரிசெய்து கொடுக்கும் சின்னக் கடை. முன்னால் ஒரு மேசை, பின்னால் இரண்டு தையல் மெஷின், ஓரத்தில் இஸ்திரி மேசை, அதற்குப் பின்னால் அத்தான். நான் தைத்து முடித்ததை அக்கா சரிபார்த்த பிறகுதான் அது வெளியே போகும். அவளிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் மஞ்சள் தாளில் எழுதி, அடுத்து அவள் கைக்குப் போகிற துணியின் உள்பக்கம் குத்திவிடுவேன். படித்ததும் அதைச் சுவரில் இருக்கும் நீள ஆணியில் செருகுவாள். ஆணியில் ஏறிவிட்டால் அந்த விஷயம் முடிந்தது. 'கறுப்பு நூல் தீர்ந்தது.' 'இவருக்குத் தொப்பை கூடியிருக்கிறது, பழைய அளவை நம்பாதே.' 'கத்தரிக்கோலை எடுத்த மகாராணி திருப்பி வைக்கவும்.' தேதி போடுகிற பழக்கமே கிடையாது. அன்றைய சீட்டை அன்றே படித்துவிடுவாள், எதற்குத் தேதி?

பதினாறு வருடம் அங்கே இருந்தேன். சேரும்போது எந்தத் தாளும் எழுதவில்லை. "சும்மாதானே இருக்க, நாளைக்கு வா" என்றாள், போனேன். பட்டன் தைக்க வந்த பெண் ஒருத்தி சொல்லாமல் நின்றுவிட்டபோது மட்டும் அக்கா ஊசிகளைத் துப்பிவிட்டுக் கத்தினாள். "போறவ ஒரு மாசம் முன்னாடி சொன்னா என்ன? வாயில பூட்டா போட்டிருக்கு?" எங்கள் கடையில் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

உடைகள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் மாதிரி உடுப்புகள் தைக்க ஆள் கேட்டார்கள். சாய்ந்து உட்கார நாற்காலி, ஞாயிறு விடுமுறை. என் கழுத்து வலி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் கழித்து வருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல நாக்கு எழவில்லை. மூன்று நாள் வாயைத் திறந்து திறந்து மூடினேன். நாலாம் நாள் சாயங்காலம், அடுத்து அக்கா சரிபார்க்க வேண்டியிருந்த ஒரு கணக்கு வாத்தியாரின் கோட்டில் உள்பைக்குள் ஒரு சீட்டைக் குத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். 'அக்கா, இன்றிலிருந்து ஒரு மாதம். அதற்குப் பிறகு வேறு வேலைக்குப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதே. குட்டி.' நாற்பது வயதிலும் அவளுக்கு நான் குட்டிதான்.

மறுநாள் வந்தபோது கோட்டு இல்லை. ஆணியிலும் சீட்டு இல்லை. படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாள் என்று நினைத்தேன். அன்றிலிருந்து அவள் சரியாக முகம் கொடுக்கவும் இல்லை. கேட்டதற்குத் தலையாட்டல், அவ்வளவுதான். கோபம் என்று எடுத்துக்கொண்டேன். வயிற்று வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

மாதம் முடிந்தது. புது வேலையில் முதல் நாள் மதியம் அக்கா போன் செய்தாள்.

"எங்கடி இருக்க? முப்பது ஸ்கூல் யூனிஃபார்ம் கெடக்கு, மணி ஒண்ணாச்சு!"

"நான்தான் சொல்லிட்டேனே."

"யார்கிட்ட சொன்ன? செவுத்துகிட்டயா?"

"எழுதி வச்சேன். கிழிச்சுப் போட்டுட்டு இப்ப நடிக்கிறியா?"

"நான் நடிக்கிறேனா?" என்றாள். "சரி. நீ நல்லா இரு." வைத்துவிட்டாள்.

ஐந்து மாதம் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவளுக்கு உடம்பு முடியவில்லை என்று அரசல்புரசலாகக் காதில் விழுந்தது. அவளே கூப்பிடட்டும் என்று இருந்தேன்.

கூப்பிட்டாள். கம்பெனியில் எல்லாமே எழுத்தில்தான். வேலை நேரத்தில் போன் பெட்டியில் இருக்க வேண்டும் என்பதற்கும் பெருமையாகக் கையெழுத்துப் போட்டிருந்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் அத்தான் எண்ணிலிருந்து மூன்று அழைப்பு. அவளே பேசாமல் ஆள் விட்டுக் கூப்பிடுகிறாளா என்று ஒரு வீம்பு. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். விடிந்ததும் நாலாவது அழைப்பு வந்தது. அக்கா போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்துக் கடையைத் திறந்தோம். ஆணியில் மேலாக என் சீட்டு இருந்தது.

"அந்த வாத்தியார் ஊருக்குப் போற அவசரத்துல காலையிலயே வந்து நின்னாரும்மா," என்றார் அத்தான். "சரிபாக்காமலே எடுத்துக் குடுத்துட்டா. அவரும் மடிச்சுப் பெட்டியில வச்சிட்டாரு. குளிர் வந்ததும் எடுத்துப் போட்டா கைப்பக்கம் லைனிங் பிரிஞ்சிருக்கு. திருப்பிக் கொண்டாந்தாரு. பைக்குள்ள இது. அன்னைக்கே, படுத்துக் கெடந்தவகிட்ட கொண்டுபோய்க் காட்டினேன்."

"என்ன சொன்னா?"

அத்தான் இஸ்திரிப் பெட்டியை எதற்கோ நகர்த்தி வைத்தார். "ரெண்டு தரம் படிச்சா. அப்புறம் சிரிச்சா. 'தேதியே போடல பாருங்க, இன்றிலிருந்து ஒரு மாதம்னு இருக்கு. அப்ப இன்னும் ஒரு மாசம் அவ நம்ம கடையிலதான். கூப்பிடுங்க அந்தக் கழுதையை'ன்னா. நானும் மூணு தரம் அடிச்சேன். சாயங்காலம் வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம், 'படிச்சாச்சு, ஆணியில குத்திடுங்க'ன்னா."

சீட்டை ஆணியிலேயே விட்டுவிட்டு என் மெஷினின் உறையை எடுத்தேன்.

கம்பியில் இருபத்தேழு துணிகள் தொங்கின. கம்பெனி விட்டதும் தினமும் ஆறு மணிக்குக் கடைக்கு வந்தேன், இரண்டு மணி நேரம். உதட்டில் ஊசி வைத்துப் பார்த்தேன், இரும்புக் கசப்பு. இத்தனை வருடம் எப்படித்தான் வைத்திருந்தாளோ. ஒவ்வொரு துணியையும் முடித்ததும், சரிபார்க்க அவள் பக்கம் நீட்டப்போய்க் கையை இழுத்துக்கொள்வேன்.

வாத்தியாரின் கோட்டைக் கடைசியாக வைத்திருந்தேன். லைனிங்கைப் பிடித்துத் தைத்து, உள்பையைத் தடவிப் பார்த்து, மடித்து மேசையில் வைத்தேன். நான் மறுபடி கடைக்கு வரத் தொடங்கி அன்றோடு ஒரு மாதம்.

"அத்தான், நாளையிலிருந்து நான் வரமாட்டேன்."

அவர் ஆணியைப் பார்த்தார். "தெரியும்மா. முன்னாடியே சொல்லிட்டியே."