யார் கைத் துரு

துரு என்பது இரும்புக்கு வரும் நோய் அல்ல, மனிதர்களுக்கு வரும் ஒழுக்கக்கேடு என்பதை இந்த உலகத்துக்கு முதன்முதலில் எடுத்துச் சொன்னவர் வைத்தியர். அவருக்கு முன்னால் வாழ்ந்தவர்கள் காற்று, ஈரம், உப்பு என்று ஏதேதோ காரணம் சொல்லி ஏமாந்துபோயிருந்தார்கள். வைத்தியர்தான் துணிந்து உண்மையை உடைத்தார். சோம்பேறிகள் இல்லாத இடத்தில் துரு இருக்காது. அவருடைய கடை அப்படிப்பட்ட இடம். அவர் கை பட்ட துப்பாக்கி துருப்பிடித்ததாக வரலாறு கிடையாது.

வைத்தியர் என்றால் மனிதர்களுக்கு அல்ல. அவர் துப்பாக்கி பழுதுபார்ப்பவர். கடைக்கு வரும் துப்பாக்கியைப் 'பேஷன்ட்' என்றும், அதைத் தூக்கிக்கொண்டு வருபவரைக் 'கூட வந்தவர்' என்றும் சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கடையின் ஒரு பக்கம் சாவி வெட்டுபவர், மறுபக்கம் பல் மருத்துவர். பல்லைப் பிடுங்க வந்தவர்கள் சிலசமயம் வாசல் தவறி இங்கே நுழைந்து, மேசைமேல் கிடப்பதைப் பார்த்ததும் வலி சரியாகித் திரும்பிப் போவதுண்டு.

முன்னறையில் பழுதுபார்க்கும் மேசை. பின்னறையில், இரும்புக் கதவுக்கு உள்ளே, ஊரார் துப்பாக்கிகளைப் பத்திரமாக வைத்திருக்கும் ரேக். ஊரார் என்று பெருமைக்குச் சொல்வதுதான். உண்மையில் அந்த ரேக்கை நிரப்பியிருந்தவை குறிபார்த்துச் சுடும் கிளப்பின் ரைஃபிள்கள். கிளப்பின் சொந்த அறை நீச்சல் குளத்தை ஒட்டி இருந்ததால், போட்டி இல்லாத மாதங்களில் அவை இங்கே வந்து படுத்துக்கொள்ளும். அவை போய்விட்டால் பின்னறையில் மிஞ்சுவது ஈரம் உறிஞ்சும் மெஷின் மட்டும்தான்.

அறையைக் குறை சொல்ல முடியாது. தோல் உறையோடு வரும் துப்பாக்கியை வைத்தியர் வாசலிலேயே உரித்துவிடுவார். உறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இரும்புக்கு ஊட்டும் என்பார். குழல்களில் மெல்லிசாக எண்ணெய் பூசச் செய்வார். அதிகம் பூசினால் வழிந்து கட்டைக்குள் இறங்கி மரத்தைக் கெடுக்கும் என்பார். இதெல்லாம் ஒழுக்கக்கேட்டில் எந்த வகையில் சேரும் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை.

கடையில் அவரைத் தவிர இரண்டு பேர். எண்ணெய் பூசுவதும் மெருகு போடுவதும் அவருடைய மனைவி. மரக்கட்டை வேலைகளைப் பார்ப்பது மனைவியின் தம்பி, அதாவது வைத்தியரின் மச்சான். மச்சான் வியர்க்கப் பிறந்தவன். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தாலும் அவனுக்கு மட்டும் தனியாக வெயில் அடிக்கும். இதற்கு முன்னால் மூன்று நான்கு இடங்களில் வேலை பார்த்து எதிலும் நிலைக்காமல் கடைசியில் அக்காவிடம் வந்து சேர்ந்திருந்தான். இப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை துப்பாக்கி நிபுணர் என்று பெண் வீட்டில் சொல்லிவைத்தது வைத்தியர்தான்.

மனைவி வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டுதான் எதையும் தொடுவார். இது வைத்தியருக்குத் தீராத வேடிக்கை.

"என்ன, பிரசவம் பார்க்கப் போறியா?" என்பார்.

"பேஷன்ட்டத் தொடறவங்கள்ல யாராவது ஒருத்தராவது சுத்தமா இருக்கட்டுமேன்னுதான்" என்பார் மனைவி, நிமிராமல்.

தொழில் தெரிந்தவன் வெறுங்கையால் தொடுவான், தெரியாதவன்தான் கையுறையில் ஒளிந்துகொள்வான் என்பது வைத்தியரின் சித்தாந்தம். அதை அவர் தினமும் நடத்திக் காட்டினார். காலையில் கடை திறந்ததும் பின்னறைக்குப் போய், ஒவ்வொரு ரைஃபிளையும் குழலின் நடுவில் பிடித்துத் தூக்கி, எடை பார்ப்பதுபோல் ஒரு கணம் வைத்திருந்து, தட்டிக்கொடுத்து, திரும்ப வைப்பார். இதற்கு 'ரவுண்ட்ஸ்' என்று பெயர்.

வில்லங்கம் கிளப் செயலாளர் உருவில் வந்தது. குரலை உயர்த்தாத மனிதர். சட்டைப்பையில் லென்ஸ் வைத்திருப்பார். மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் வந்தவர் இரண்டு ரைஃபிள்களில் பழுப்புப் புள்ளிகளைக் கண்டுபிடித்தார். வைத்தியர் சிரித்தபடி அவற்றை எடுத்துப்போய்ச் சுத்தம் செய்து கொடுத்தார். அடுத்த முறை வந்தபோது வேறு நான்கில் புள்ளிகள். இந்த முறை செயலாளர் சிரிக்க இடம் கொடுக்கவில்லை. ஒரு குழலை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். ஒரு பக்கம் வரிசையாக நான்கு புள்ளிகள், மறுபக்கம் பெரிதாக ஒன்று. தன் விரல்களைத் தொடாமல் அவற்றின்மேல் விரித்துப் பிடித்தார். கச்சிதமாகப் பொருந்தின.

"இது ஈரம் இல்ல சார். யாரோட கையோ. யாருன்னு கண்டுபிடிங்க. இன்னொரு தடவை பார்த்தேன்னா எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுவேன்."

வைத்தியரின் கண்கள் மச்சானிடம் போயின. மச்சான் அப்போது பார்த்து முழங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சோதனையை அறிவித்தவர் வைத்தியர்தான். செயலாளர் முன்னிலையிலேயே அறிவித்தார். யார் பிடித்த இரும்பு துருப்பிடிக்கிறதோ அவர் இந்தக் கடையில் இருக்கக் கூடாது.

"யாரா இருந்தாலுமா?" என்றார் மனைவி.

"யாரா இருந்தாலும்."

பழைய குழல் ஒன்றிலிருந்து மூன்று துண்டுகளை அறுத்து, பளபளக்கத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தார். ஆளுக்கு ஒன்று. ஒரு கையில் டீ, மறுகையில் இரும்பு. டீ முடியும்வரை இறுகப் பிடித்திருக்க வேண்டும். மனைவி கையுறையைக் கழற்றிவிட்டுப் பிடித்தார். மச்சானின் பிடியிலிருந்து சொட்டு சொட்டாக வழிந்து தரை நனைந்தது. அதற்கு மேல் சோதனை எதற்கு என்ற முகத்தோடு வைத்தியர் தன்னுடைய துண்டை, காகிதம்போல் காய்ந்த உள்ளங்கையில், செங்கோலைப்போல் பிடித்திருந்தார். பிறகு அவருடையதில் சிவப்பு நூல், மனைவியுடையதில் வெள்ளை, மச்சானுடையதில் நீலம் என்று கட்டி, ஈரத்துணி விரித்த டப்பாவில் போட்டு மூடியாகிவிட்டது. திங்கட்கிழமை செயலாளர் வந்து திறப்பதாக ஏற்பாடு.

நடுவில் இருந்த விடுமுறையில் மச்சான் சரியாகச் சாப்பிடவில்லை. முன்பு வேலை பார்த்த அச்சகத்தில் ஆள் எடுப்பார்களா என்று அக்காவிடம் இரண்டு முறை கேட்டான். பெண்ணின் அப்பா போன் செய்து வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்தார். ஒரு சோதனை நடந்துகொண்டிருக்கிறது, திங்கட்கிழமை முடிவு தெரியும் என்றான். அவர் பதவி உயர்வுக்கான பரீட்சை என்று நினைத்துக்கொண்டு, பயப்படாமல் எழுதச் சொன்னார்.

திங்கட்கிழமை வைத்தியர் எல்லோருக்கும் முன்னால் வந்தார். வெற்றியைத் தனியாக ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்ற ஆசை. டப்பாவைத் திறந்தார்.

நீல நூல் கட்டியது அறுத்த அன்றைக்குப்போலவே இருந்தது. வெள்ளை நூல் கட்டியதும் அப்படித்தான். சிவப்பு நூல் கட்டியதில் நான்கு விரல்களும் ஒரு கட்டைவிரலும் ரேகையோடு பதிந்திருந்தன. காவல் நிலையத்தில் வைத்து எடுத்தாலும் அவ்வளவு தெளிவாக வராது.

வியர்வை எவ்வளவு என்பது இரும்புக்குப் பொருட்டே அல்ல, எப்படிப்பட்டது என்பதுதான் பொருட்டு. சிலர் கை குளமாக இருக்கும், இரும்பு சும்மா இருக்கும். சிலர் கை காய்ந்தே இருக்கும், தொட்ட இடமெல்லாம் சிவக்கும். துப்பாக்கித் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வைத்தியருக்கும் தெரியும். தனக்கும் ஒரு கை இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை.

வைத்தியர் சிவப்பு நூலை அவிழ்த்தார். நீல நூலையும் அவிழ்த்தார். இரண்டு நூல்களும் ஒரு கையில், இரண்டு துண்டுகளும் மேசைமேல். மாற்றிக் கட்ட இரண்டு முடிச்சுகள் போதும். மச்சான் அச்சகத்துக்குப் போவான், ரைஃபிள்கள் ரேக்கிலேயே இருக்கும், உலகம் முன்புபோல் நடக்கும்.

அவர் மாற்றிக் கட்டவில்லை. மனசாட்சி குறுக்கே வந்தது என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். வந்தது பழக்கம். துருப்பிடித்த ஒரு பொருள் அவர் மேசையில் இவ்வளவு நேரம் சும்மா கிடந்ததே இல்லை. கை தானாக எண்ணெய்க் குப்பியை எடுத்தது. இரண்டு சொட்டு விட்டு ஊறவைத்தார். இரும்பு இழைகளாலான மெல்லிய ஸ்டீல் வூலைச் சிறு உருண்டையாக்கி, அழுத்தாமல், குழலின் நீளவாக்கில், ஒரே திசையில் இழுத்தார். உப்புத்தாளால் தேய்ப்பவர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. துருவோடு இரும்பும் போய்விடும். பழுப்பு எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்தார், மறுபடி இழுத்தார். கட்டைவிரல்தான் கடைசிவரை அடம்பிடித்தது. அதுவும் போனது. அவரவர் நூலை அவரவர் துண்டிலேயே கட்டி, டப்பாவை மூடியபோது அவருக்கு ஒரு நல்ல வேலையை முடித்த திருப்தி இருந்தது. துருவே இல்லை என்றால் குற்றவாளியும் இல்லை. யாரும் எங்கேயும் போக வேண்டாம்.

செயலாளர் வந்தார். மனைவி, மச்சான், வைத்தியர் மூவரும் சுற்றி நிற்க டப்பாவைத் திறந்து, லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மச்சான் தன்னுடையது சுத்தமாக இருப்பதைப் பார்த்து, நம்பாமல், நூலின் நிறத்தை இன்னொரு தடவை சரிபார்த்தான்.

"மூணுமே சுத்தம்" என்றார் செயலாளர்.

வைத்தியர் கைகளைக் கட்டிக்கொண்டு, தன் கடையில் அப்படிப்பட்ட கை கிடையாது என்று தான் நினைத்ததாகச் சொன்னார்.

"அப்போ கை இல்ல. அறைதான் சரியில்ல" என்றார் செயலாளர், அதே மெல்லிய குரலில். "கையா இருந்தா ஆள மாத்தலாம். அறைய என்ன பண்றது? சாயங்காலம் வண்டி அனுப்பறேன்."

வைத்தியர் அவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை.

மனைவி சிவப்பு நூல் கட்டிய துண்டை எடுத்தார். கையுறையின் விரல் நுனிகளில் எண்ணெய் ஊறி மஞ்சளாகப் படர்ந்தது. மற்ற இரண்டையும் தொட்டுப் பார்த்தார். அவை காய்ந்திருந்தன. கணவரின் கட்டைவிரலில் ஸ்டீல் வூல் விட்ட கருப்புக் கறை இருந்தது. துண்டைத் திரும்ப டப்பாவில் வைத்துவிட்டு, கறைபட்ட கையுறைகளைக் கழற்றி மேசையில் போட்டார்.

பேசியது மச்சான்.

"சார், அது என் கையாத்தான் இருக்கும். அன்னைக்கு ஏதோ தப்பிச்சிருக்கு. நான் வேற எடம் பார்த்துக்கறேன். ரைஃபிள் எல்லாம் இங்கயே இருக்கட்டும். அத்தானுக்கு இந்தக் கடைய விட்டா வேற எதுவும் தெரியாது."

செயலாளர் வைத்தியரைப் பார்த்தார்.

"அவன் கை இல்ல" என்றார் வைத்தியர்.

"பின்ன யார் கை?"

வைத்தியர் மனைவியின் மேசை இழுப்பறையைத் திறந்து, புதிதாக ஒரு ஜோடி கையுறையை எடுத்தார். அவை அவருக்குச் சிறியவை. விரல்கள் பாதிவரைதான் நுழைந்தன. பல்லால் இழுத்து மணிக்கட்டுவரை ஏற்றிக்கொண்டு, எண்ணெய்த் துணியோடு பின்னறைக்குப் போனார்.

முதல் ரைஃபிளை எடுத்தார். குழலின் நடுவில், முந்தின வாரம் காலைதோறும் பிடித்துத் தட்டிக்கொடுத்த இடத்தை, நீளவாக்கில் துடைத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மறுபடி துடைத்து ரேக்கில் வைத்தார்.

செயலாளர் இரும்புக் கதவருகே வந்து நின்றார். டப்பாவில் எண்ணெய் மினுங்கக் கிடந்த சிவப்பு நூல் துண்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். லென்ஸைச் சட்டைப்பைக்குள் போட்டார். வண்டியைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. அடுத்த மாதம் ஒரு நடை வந்து பார்ப்பதாக மனைவியிடம் சொல்லிவிட்டு, பல் மருத்துவரிடம் வந்தவர்களை விலக்கிக்கொண்டு படியிறங்கினார்.

மச்சான் பின்னறை வாசலில் தயங்கினான்.

"அத்தான், நான் தொடலாமா?"

"தொடு."

மச்சான் ரேக்கின் மறுகோடியிலிருந்து ஒன்றை வெறுங்கையால் எடுத்து நீட்டினான். அவன் முழங்கையிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. வைத்தியர் அதை இரண்டு கையுறைகளாலும் வாங்கித் துடைக்க ஆரம்பித்தார்.