பார்க்காமல் சொன்ன ஓம்

விமலநாதன் வேட்டைப் பரீட்சையில் கோட்டை விட்டது ஒரேயொரு சொல்லால். மானைச் சுட்ட இடத்தில் 'ஷ்வைஸ்' கண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். முப்பத்திரண்டு வருடமாக ஜெர்மனியில் மாடாய் உழைத்தவருக்கு ஷ்வைஸ் என்றால் வியர்வை. ஹம் நகரத்துக் கம்பித் தொழிற்சாலையில் அவர் சிந்தாத ஷ்வைஸா? "கைக்குட்டையால் துடைத்துக்கொள்வேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். வேட்டைக்காரர் பாஷையில் அதற்கு இரத்தம் என்று பொருள். வகுப்பில் நூறு தரம் சொல்லித் தந்ததுதான். பதற்றத்தில் பறந்துவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்த மூவரும் சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைக்கத் தன் கைக்குட்டையையே வெளியே எடுத்தார்.

அடுத்த முறை இளங்கீரனுடையது. அதே தொழிற்சாலை, பன்னிரண்டு வயது இளையவன், வகுப்புக்கு அவனை இழுத்துக்கொண்டு போனதே விமலநாதன்தான். வெளியே வந்தவர் கதவடியில் நின்றவனிடம், "டேய், ஷ்வைஸ் எண்டா இரத்தமடா!" என்று புலம்பினார். அவன் உள்ளே போய், இரத்தத்தின் நிறத்தைப் பார்த்துக் குண்டு எங்கே பட்டதென்று கண்டுபிடிப்பது வரை விளக்கிப் பாஸாகிவிட்டான்.

அதோடு விட்டானா? போகிற கொண்டாட்டம் எல்லாவற்றிலும், "அண்ணை மட்டும் வெளியில வந்து சொல்லாட்டி நானும் துடைச்சுத்தான் இருப்பன்" என்று நன்றி சொல்லத் தொடங்கினான். மனதாரத்தான் சொன்னான், அதுதான் கொடுமை. ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த்திருவிழாவில் முகம் தெரியாத ஒருவர் வந்து விமலநாதனிடம் கைக்குட்டை நீட்டினார்.

அதன்பிறகு இளங்கீரனுக்கு எல்லாம் வரிசையாக வந்து விழுந்தது. துவக்கு வந்தது. தோட்டாவுக்கு வீட்டிலேயே வெடிமருந்து அடைக்கிற அனுமதி வந்தது. தடித்த ரிவோல்வர் ஒன்றும் வந்தது. கடைசியில் பிளோறன்ஸும் வந்தார்.

பிளோறன்ஸ் அம்மையார் ஓய்வுபெற்ற மிருக வைத்தியர். விமலநாதனின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். காயப்பட்டு ஓடிய மானை மோப்பம் பிடித்துத் தேடுகிற பிறுனோ என்ற நாய் அவரிடம் உண்டு. எட்டு வருடமாக ஞாயிறுதோறும் அந்த நாயை உலாத்தக் கொண்டுபோகிறவர் யார்? விமலநாதன். பிளோறன்ஸுக்குத் தோளில் சத்திரசிகிச்சை நடந்து, இனிச் சுட ஏலாது என்றானதும் அவர் துணைக்குக் கேட்டது யாரை? இளங்கீரனை. இந்த நாட்டில் ரிவோல்வரால் மான் வேட்டையாட முடியாது. காயத்தோடு பற்றைக்குள் கிடக்கிற மானின் வேதனையைக் கிட்ட நின்று முடிக்க மட்டுமே அதைப் பாவிக்கலாம். அந்த ஒரு வெடிக்குத்தான் இவ்வளவு ஆரவாரம்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் விமலநாதன் இளங்கீரனின் நிலவறையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். தொட அனுமதி இல்லை, பார்க்கத் தடை இல்லை. மறுநாள் மலைக்காட்டில் பெரிய வேட்டை. விமலநாதனும் போகிறார்தான். செம்மஞ்சள் மேலங்கி போட்டு, தடியால் மரத்தைத் தட்டி, 'ஹோ' என்று கத்தி மானைக் கலைக்கிற கூட்டத்தில். அதற்குப் பரீட்சை கிடையாது.

மேசையில் இருந்த குழிப்பலகையில் ஐம்பது பித்தளைத் தோட்டாக் கோதுகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. இளங்கீரன் மருந்தைச் சின்னத் தராசில் நிறுத்து, ஒவ்வொரு கோதாகப் புனல் வைத்து ஊற்றினான். ஒரு மணி கூடினாலும் எடுத்தான், குறைந்தாலும் போட்டான்.

"கடையில விக்கிறதும் காணும் அண்ணை" என்றான் தொடங்குமுன். "ஆனா பெரிய கலைமானுக்குப் பாரமான குண்டா இருந்தா நல்லது. ஒரே வெடியோட அதின்ர நோ முடிய வேணும்."

நல்லவன் மாதிரி வேறு கதைக்கிறான் என்று விமலநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மருந்து ஊற்றும்போது கதைக்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. விமலநாதன் முப்பது கோது வரை வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். அதற்குமேல் முடியவில்லை.

"பிளோறன்ஸ் உன்னை டூ சொல்லச் சொன்னவவாமே?"

ஜெர்மனில் 'ஸீ' என்றால் நீங்கள், 'டூ' என்றால் நீ. இங்கே மூத்தவர் ஒருவர் தானாக வந்து என்னை 'டூ' என்று கூப்பிடு என்றால், அது வீட்டுக்குள் அழைத்துக் கதிரை போட்டு இருத்துகிற மாதிரி. பிளோறன்ஸ் எட்டு வருடமாக விமலநாதனை வாசலிலேயே, 'ஸீ'யிலேயே நிறுத்தி வைத்திருந்தார்.

மூத்தவர் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க இளங்கீரனுக்குத் தெரியாது. தராசுத் தட்டைக் கையில் பிடித்தபடி திரும்பினான். "ஓம் அண்ணை, போன கிழமை. எனக்கே வெக்கமாப் போச்சு. வாயில வருகுதில்லை."

"வரும் வரும். பழகப் பழக வரும்."

இளங்கீரன் சிரித்துவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பி ஊற்றத் தொடங்கினான். நாலாவது வரிசையில் ஒரு கோதைத் தாண்டிவிட்டானோ என்று விமலநாதனுக்குப் பட்டது. பட்டது, அவ்வளவுதான். சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணமாட்டார்.

ஐம்பதும் முடிந்ததும் எல்லாக் கோதுக்குள்ளும் டோர்ச் அடித்துப் பார்ப்பது இளங்கீரனின் வழக்கம். டோர்ச்சை எடுத்தவனை மேலேயிருந்து மனைவி கஜந்தி கூப்பிட்டாள். "இஞ்சருங்கோ, கொலோனில இருந்து மாமா போன் எடுக்கிறார்! கலியாண விசயமாம், கெதியா வாங்கோ!"

இளங்கீரன் டோர்ச்சை விமலநாதனிடம் நீட்டினான். "ஒருக்காப் பாருங்கோ அண்ணை." மேலே ஓடி, ஐந்து நிமிடத்தில் மூச்சிரைக்க இறங்கி வந்தான். "எல்லாம் சரிதானே?"

விமலநாதன் டோர்ச்சைப் போடவேயில்லை. அந்த ஐந்து நிமிடமும் 'டூ'வைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஓம் ஓம்" என்றார்.

இளங்கீரன் ஐம்பது கோதிலும் பாரக் குண்டுகளை ஏற்றி அழுத்தி மூடினான்.

வீட்டுக்கு வந்து புட்டைப் பிசைந்தபோதுதான் விமலநாதனுக்குக் கை ஓடவில்லை. மனைவி பத்மப்ரியாவிடம் சொன்னார். மருந்தில்லாத தோட்டாவைச் சுட்டால் குண்டு குழலுக்குள் பாதி வழியில் இறுகி நிற்கும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

"வெடிச்சா?"

"கை போகும்."

"அப்ப எழும்பிப் போய்ச் சொல்லுங்கோ."

"சொன்னா எரிச்சலில சொல்லுறன் எண்டுவினம்."

"உங்களுக்கு எரிச்சல் எண்டது ஊன்ட்றொப் அம்மனுக்கே தெரியும். அதில புதுசா என்ன?"

அவர் போகவில்லை. எல்லா வேட்டையிலுமா மான் காயப்படுகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

காயப்பட்டது. மறுநாள் மத்தியானம் யாரோ ஒருவரின் வெடி சற்றுப் பிந்தி விழ, பெரிய கலைமான் ஒன்று பின்காலில் அடிபட்டுப் பைன் பற்றைக்குள் போய்விட்டது. கலைத்து முடித்த கூட்டம் பட்டாணி சூப்புக்கு வரிசையில் நின்றது. காட்டுப் பாதையோரம் பிளோறன்ஸ் பிறுனோவுக்கு நீண்ட கயிற்றைப் பூட்டினார். எட்டு வருடம் உலாத்தக் கொண்டுபோனவரை அந்த நாய் திரும்பியும் பார்க்காமல் இளங்கீரனின் சப்பாத்தை நக்கியது. இளங்கீரன் ரிவோல்வரைத் திறந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக இறக்கினான்.

விமலநாதன் சூப்புக் கோப்பையோடு ஓடினார். பாதிச் சூப்பு மேலங்கியில்.

"அதைப் போடாதை! இளங்கீரன், அதைப் போடாதை!"

"என்ன அண்ணை?"

"ஒண்டில மருந்து இல்லாமல் இருக்கலாம். நான் பாக்கேல்ல. பாத்தனான் எண்டு பொய் சொன்னனான்."

இளங்கீரன் போட்ட தோட்டாக்களைத் திரும்ப உள்ளங்கையில் கொட்டினான். பிளோறன்ஸுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் முகம் வாசிக்கத் தெரியும். என்ன விசயம் என்று கேட்டார். விமலநாதன் ஜெர்மனில் முதலிலிருந்து சொன்னார்.

"ஏன் பார்க்கவில்லை?" என்று கேட்டார் பிளோறன்ஸ்.

மரியாதையான காரணம் ஒன்று அகப்படுமா என்று விமலநாதன் தேடினார். டோர்ச்சில் பற்றரி இல்லை என்று சொல்லலாம். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லலாம்.

"பொறாமை" என்றார் ஜெர்மனில். அந்தச் சொல்லில் மட்டும் அவர் பிழை விடவில்லை.

பிளோறன்ஸ் நாயின் கயிற்றைக் கையில் சுற்றினார். கடையில் வாங்கிய தோட்டா காரில் இருக்கிறதா என்று இளங்கீரனைக் கேட்டார். அரைப் பெட்டி இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு இருவரும் நாயின் பின்னால் பற்றைக்குள் இறங்கினார்கள். அரை மணித்தியாலம் கழித்து ஒரேயொரு வெடி கேட்டது. மானின் நோ முடிந்தது என்று விமலநாதன் சூப்புக் கோப்பையைக் கீழே வைத்தார். சுட்டவனின் கை முழுசாக இருக்கிறது என்று நினைத்தபோது அதன் பக்கத்திலேயே தானும் குந்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இளங்கீரன் அவரை நிலவறைக்குக் கூப்பிட்டான். தேத்தண்ணி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

"தராசில நிறுத்துப் பாத்தா என்ன?" என்றார் விமலநாதன், வாய் சும்மா இராமல்.

"கோதும் குண்டும் ஒரே நிறை வராது. கண்ணாலதான் பாக்க வேணும். நான் கழட்டுறன். நீங்கள் பாருங்கோ. இருந்தா இருக்கு எண்டுங்கோ."

தோட்டாவைச் சுத்தியல் போன்ற ஒரு கருவிக்குள் பொருத்தி மரக்கட்டையில் அடித்தால், குண்டும் மருந்தும் கழன்று கருவியின் தலைக்குள் விழும். டக், டக். விமலநாதன் எட்டிப் பார்த்து, "இருக்கு" என்றார். டக், டக். "இருக்கு."

இருபதைத் தாண்டியதும் அவருக்குள் ஒரு கள்ள ஆசை எட்டிப் பார்த்தது. ஒன்று, ஒரேயொன்று வெறுமையாக வந்தால் போதும். ஒருவனின் கையைக் காப்பாற்றியவராகப் படியேறலாம். ஒன்றும் வராவிட்டால் எரிச்சல் பிடித்துப் பொய் சொன்ன கிழடாகத்தான் ஏறவேண்டும். நாற்பதில், அம்மாளாச்சி ஒண்டைக் காட்டு என்று வேண்டிக்கொண்டார். நாற்பத்தேழில்தான் என்ன வேண்டுகிறோம் என்பது உறைத்தது. இந்தப் பிள்ளை பிழை விட்டிருக்க வேண்டும் என்று அம்மனிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறார். வேண்டுதலை வாபஸ் வாங்கினார். அம்மன் எதைக் கேட்டாளோ தெரியாது. நாற்பத்தெட்டிலும் இருந்தது. நாற்பத்தொன்பதிலும் இருந்தது.

கடைசி. டக், டக், டக்.

"இருக்கு" என்றார் விமலநாதன்.

இளங்கீரன் கருவியை வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் தேய்த்தான். "அப்ப நான் ஒண்டையும் விடேல்ல."

"இல்லையடா."

"ராத்திரி முழுக்க நித்திரை இல்லை. ஒண்டை விட்டிட்டனோ எண்டு திரும்பத் திரும்ப நினைச்சன். நேற்றைக்கு அந்த மானுக்கு முன்னால நிண்டும் அதே நினைப்புத்தான். நீங்கள் எரிச்சல் படுங்கோ, பகிடி பண்ணுங்கோ, நான் ஒண்டும் சொல்லன். ஆனா ஓம் எண்டு சொல்லிப்போட்டியளே, அண்ணை!"

பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் அவன் குரல் உயர்ந்தது இதுதான் முதல் தடவை. ஒரு பகிடியால் சமாளிக்கலாமா என்று விமலநாதன் துழாவினார்.

"பிழைதான்" என்றார்.

இளங்கீரன் கோதுகளைத் திரும்பப் பலகையில் அடுக்கத் தொடங்கினான். "முதலில இருந்து போட வேணும். நீங்கள் மேல போங்கோ."

"கதைக்காமல் இருக்கிறன்."

"வேண்டாம் அண்ணை. போங்கோ."

குசினியில் கஜந்தி எண்ணெய்ச் சட்டியோடு நின்றாள். "எல்லாத்திலயும் இருந்ததோ?"

"எல்லாத்திலயும் இருந்தது. என்னைத்தான் வெளியில போகச் சொல்லிப்போட்டான்."

"நானெண்டா நேற்றைக்கே நீங்கள் மான் கலைக்கிற தடியாலேயே உங்களைக் கலைச்சிருப்பன்" என்றாள் அவள். சொல்லிக்கொண்டே கதிரையை இழுத்துப் போட்டு, சுடச்சுட இரண்டு பற்றீஸை அவர் முன்னால் வைத்தாள். "இருங்கோ. ஆறமுதல் சாப்பிடுங்கோ."

விமலநாதன் ஒன்றைக் கடித்தார். மொறுமொறுவென்று, உள்ளே உறைப்பு அளவாய், அருமையாக இருந்தது. பத்மப்ரியாவின் கையில் ஒருநாளும் இப்படி வந்ததில்லை. இவனுக்கு இதுவும் அமைந்திருக்கிறதே என்று நினைத்தார், மெல்ல மெல்லப் பழையபடி எரியத் தொடங்கியது.