சுழல் நாற்காலியின் பயன் யாது?

மணிகண்டராஜுக்குக் கம்பெனியில் ஜெனரல் மேனேஜர் பதவி. வேலை என்னவென்று கேட்டால் மட்டும் அவருக்கே சட்டென்று சொல்ல வராது. பட்டாசுத் தொழிற்சாலை ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது. வெயிலும் புழுதியும் அங்கே. இவர் இருந்தது சிவகாசி டவுனுக்குள், விற்பனை ஆபீஸின் முன்கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, ஒரு சுழல் நாற்காலியில். தெருவைப் பார்த்து ஒரு சுற்று, சுவரைப் பார்த்து ஒரு சுற்று. வருகிறவர் போகிறவரோடு பேச்சு. இடையில் டீ.

முதலாளி சீனிவாசகம் இவருடைய அக்காள் பத்திரகாளியின் புருஷன். அக்காளோடு சீராக வந்த வெண்கல அண்டாவில் ஓட்டை விழுந்துவிட்டது, பீரோ துருப்பிடித்துவிட்டது, மச்சினன் மட்டும் தேய்மானமே இல்லாமல் இருக்கிறான் என்று சீனிவாசகம் வேண்டியவர்களிடம் ரகசியமாகச் சொல்லிக்கொள்வார். ரகசியமாகத்தான். பத்திரகாளியின் காதில் விழுந்தால் அன்றைக்கு வீட்டில் உலை கொதிக்காது, வேறென்னவெல்லாமோ கொதிக்கும்.

சீனிவாசகம் பெரிய மனுஷர். ஊரில் எந்த ட்யூப்லைட்டைப் பார்த்தாலும் வெளிச்சத்துக்கு முன்னால் அவர் பெயர்தான் தெரியும். 'உபயம்' என்று எழுதி அவ்வளவு பெரிதாகப் போட்டிருப்பார்கள். 'வள்ளல்' என்று யாராவது மேடையில் சொல்லிவிட்டால் கீழே இறங்குவதற்குள் இன்னொரு ட்யூப்லைட் தயாராகிவிடும். அப்பேர்ப்பட்டவர் அந்த வருஷம் மதுரையில் ஒரு பெரிய ஓட்டலில் ஜப்பான் நிர்வாக முறை பற்றிய ரெண்டு நாள் கருத்தரங்குக்குப் போய்வந்தார். போகும்போது பட்டாசு வியாபாரியாகப் போனவர் வரும்போது ஜப்பான்காரராக வந்தார். பின்னாலேயே, கோயமுத்தூரிலிருந்து கனகசபாபதி என்கிற தர ஆலோசகரும் வந்து இறங்கினார். சிவகாசி வெயிலில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வியர்க்காமல் நின்ற முதல் மனிதர் என்பதாலேயே ஆபீஸில் அவருக்கு மரியாதை உண்டாயிற்று.

"ஜப்பான்காரன் எப்படிங்க முன்னேறுனான்? தேவையில்லாததைத் தூக்கி வெளிய போட்டான். அவ்வளவுதானுங்க" என்றார் கனகசபாபதி.

கேட்டவர்களுக்குத் திக்கென்றது. சிவகாசியில் வளைந்த ஆணியைக்கூட யாரும் வெளியே போடமாட்டார்கள், நிமிர்த்தி வைப்பார்கள். ஆனால் திட்டம் சுலபமானதுதான். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கட்டு சிவப்புச் சீட்டு. உபயோகமில்லை என்று தோன்றும் பொருளில் அதைக் கட்டிவிட வேண்டும். சனிக்கிழமை எல்லோரும் கூடும் இடத்தில் அந்தப் பொருளை வைத்திருப்பவர் அதன் பயனைச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் பொருள் கொல்லைக்குப் போகும். சின்னவர் பெரியவர் பேதம் கிடையாது.

முதல் நாள் ஒருவரும் கட்டவில்லை. அப்புறம் கூச்சம் விட்டுப்போயிற்று. கைப்பிடி இல்லாத குடை, 'ட' விழாத டைப்ரைட்டர், பஞ்சரான சைக்கிள் டயர் என்று சிவப்பாகப் பூத்தது. பின்பக்கத்துக் குடோனில் கிஃப்ட் பாக்ஸ் அடுக்கும் பெண்களுக்குத் தலைவி சண்முகத்தாய், 'இங்கு எச்சில் துப்பாதீர்' என்ற பலகையில் ஒரு சீட்டைக் கட்டினாள். காரணம் கேட்டதற்கு, அதற்குக் கீழேதானே எல்லாரும் துப்புகிறார்கள் என்றாள். நியாயம் என்று கனகசபாபதி ஒப்புக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் மணிகண்டராஜ் வந்து பார்த்தால் அவருடைய சுழல் நாற்காலியின் கையில் ஒரு சிவப்புச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தது.

'பொருள்: சுழல் நாற்காலி. பயன்: ?' என்று பச்சை மையில் எழுதியிருந்தது. அந்த ஆபீஸில் பச்சை மையில் எழுதுகிறவர் ஒருவர்தான். அவர் உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு தாமே வெளியே வந்தார்.

"அடடா, யாரு மாப்ளே இந்த வேலையப் பாத்தது?" என்றார் சீனிவாசகம். "என்ன செய்யச் சொல்லுதீக. சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான. சனிக்கிழமை பயனச் சொல்லிட்டாத் தீந்துபோச்சு."

மணிகண்டராஜுக்கு விளங்கிவிட்டது. இத்தனை வருஷமாக அக்காளுக்குப் பயந்து அத்தான் வாயால் சொல்ல முடியாததை ஜப்பான்காரன் வாயால் சொல்லவைக்கிறார். நாற்காலி கொல்லைக்குப் போனால் ஜெனரல் மேனேஜர் எங்கே உட்காருவது? நின்றுகொண்டிருக்கிற ஜெனரல் மேனேஜரை உலகம் கண்டதில்லை. மிஞ்சியிருப்பது விருதுநகரில் மாமனாரின் மிளகாய் வத்தல் மண்டி ஒன்றுதான். அங்கே போய் ஒரு மணி நேரம் இருந்தாலே அவருக்குத் தும்மல் நிற்காது. மீதி ஆயுளையும் தும்மியே கழிக்க வேண்டும்.

ஆகவே அவர் யாரும் எதிர்பாராத ஒரு முடிவுக்கு வந்தார். வேலை செய்வது என்று தீர்மானித்தார்.

வியாழக்கிழமை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குடோனுக்குள் போனார். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. சண்முகத்தாய் அடுக்கி வைத்திருந்த பெட்டிகள் அவர் கண்ணுக்குக் கோணலாகத் தெரிந்தன. சிவப்புப் பெட்டியெல்லாம் ஒரு பக்கம், மஞ்சளெல்லாம் ஒரு பக்கம் என்று நிற வாரியாக அடுக்கச் சொன்னார். ஊர் வாரியாக அடுக்கியிருக்கிறது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். ஜப்பானில் ஊர் வாரியெல்லாம் கிடையாது என்று அடித்துச் சொல்லிவிட்டார். பார்க்கக் கொலு வைத்த மாதிரி அழகாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் தென்காசிக்குப் போக வேண்டிய லோடு திண்டுக்கல்லுக்கும், திண்டுக்கல் லோடு தென்காசிக்கும் அதே அழகோடு புறப்பட்டுப் போயின.

"சின்ன மொதலாளி," என்றாள் சண்முகத்தாய், வெகு பணிவாக, "நீங்க அங்கன உக்காந்திருந்தீகன்னா எங்களுக்குப் பாதி வேலை முடிஞ்ச மாதிரி."

அவள் குத்தலாகச் சொன்னதுதான். ஆனால் 'அங்கன' என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அவளுக்கும் தெரியாது.

சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவனுக்குத் தீபாவளிக்கு முந்தின மாசம் ஒரு தனிச் சோதனை உண்டு. கூடப் படித்தவன், கூடப் படித்தவனுக்குக் கூடப் படித்தவன், கல்யாணத்தில் மேளம் வாசித்தவர், பல் பிடுங்கிய டாக்டர், சம்பந்தி வீட்டுக்கு எதிர் வீட்டுக்காரர் என்று எல்லோரும் 'சும்மா இந்தப் பக்கம் வந்தேன்' என்று வருவார்கள். கடையில் காசு கொடுத்துப் பட்டாசு வாங்குவது கம்பெனிக்காரனை அவமானப்படுத்துவதாகும் என்று அவர்களுக்கு ஒரு நல்லெண்ணம். ஓசி பாக்ஸ் ஒன்று கைக்கு வராமல் நகரமாட்டார்கள்.

இத்தனை வருஷமும் அவர்கள் முதலில் முட்டிக்கொண்டது முன்கூடத்துச் சுழல் நாற்காலியில்தான். மணிகண்டராஜ் யாரையும் விரட்டியதில்லை. விரட்டுவது அவருக்குத் தெரியாது. உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பார். அவர்கள் வாயைத் திறக்கும் முன்னால் இவர் தம்முடைய குறையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். முதுகுவலி, மழை வந்து கெடுத்த சரக்கு, வீட்டுக் குழாயில் தண்ணீர் வராதது. கடைசியில் வந்தவரிடமே ஏதாவது ஒரு உதவி கேட்பார். டாக்டர் என்றால் ஓசியில் மருந்து, வாத்தியார் என்றால் யாருக்காவது பள்ளிக்கூடத்தில் இடம். வந்தவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவார். அவர்கள் ஏன் இப்படி அவசரப்படுகிறார்கள் என்று மணிகண்டராஜுக்கே வருத்தம். அவர் பேச்சுத் துணைக்கு அலைகிற ஆத்மா. அதை வேலை என்று யாரும் சொன்னதில்லை, அவரும் நினைத்ததில்லை.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் முன்கூடத்தில் நாற்காலி இருந்தது, ஆள் குடோனில் இருந்தார். வந்தவர்கள் நேரே உள்ளறைக்குப் போனார்கள். சீனிவாசகத்துக்குக் கடையெழு வள்ளல்களோடு எட்டாவதாகச் சேர்ந்துவிடும் ஆசை உண்டு, இல்லை என்கிற சொல் மட்டும் தொண்டையில் வராது. முதலில் வந்தவர் 'வள்ளல்' என்றார், ஒரு பாக்ஸ். அடுத்தவர் 'கர்ணன்' என்றார், ரெண்டு பாக்ஸ். செய்தி பரவி, வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வேனே வந்துவிட்டது. அதில் வந்தவர்களில் ஒருவரையும் அவருக்குத் தெரியாது, ஆனால் மாலை கொண்டு வந்திருந்தார்கள். குடோனில் சண்முகத்தாய் அடுக்க அடுக்கக் குழி விழுந்தது. ஆர்டருக்கு வைத்திருந்த பெட்டிகள் எங்கே போகின்றன என்று புரியாமல் அவள் பெண்களை ஒவ்வொருத்தியாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை கூட்டம் கூடியது. கழுத்தில் கிடந்த மாலையின் வாசத்தோடு சீனிவாசகம் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். பஞ்சர் டயருக்கு ஒருவரும் பேசவில்லை. டைப்ரைட்டருக்காகப் பழைய கணக்குப்பிள்ளை கண்கலங்கினார். கண்ணீர் ஒரு பயன் ஆகாது என்று தீர்ப்பாயிற்று. அப்புறம் சுழல் நாற்காலி.

"இதோட பயன் என்னங்க?" என்றார் கனகசபாபதி.

மணிகண்டராஜ் யோசித்தார். குடோனில் பாடுபட்டதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தவர், மூலையில் சண்முகத்தாய் நிற்பதைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். தென்காசியிலிருந்து புகார் போன் வந்திருந்ததும் நினைவுக்கு வந்தது.

"நான் உக்காருறதுக்கு" என்றார்.

கூட்டம் சிரித்தது. ரெண்டு லோடுமேன்கள் நாற்காலியைக் கொல்லைக்குத் தூக்கிப்போனார்கள். மணிகண்டராஜுக்கு வேறு போக்கிடம் தெரியவில்லை. பின்னாலேயே போய், வேப்பமர நிழலில், டயருக்கும் டைப்ரைட்டருக்கும் நடுவில், அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே கனகசபாபதி பையை மூடினார். கும்பிட்டார். ஆனால் போகவில்லை.

"அப்புறம் சார்… தீபாவளி வருதுங்க" என்றார். "எங்க அபார்ட்மெண்ட்ல எட்டு வீடுங்க. சிவகாசி போறேன்னதும் எல்லாரும் ரொம்ப ஆசையா… உங்க பெருந்தன்மைய ஊரே பேசுதுங்க. வள்ளல்னே…"

சீனிவாசகத்தின் கை தானாக நீளப்போயிற்று. குடோனில் திங்கள்கிழமை லோடுக்கு மிச்சமிருந்தது சொற்பம். மறுகையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அங்குமிங்கும் பார்த்தவரின் கண்ணில், பின்ஜன்னல் வழியாக வேப்பமரம் பட்டது.

"அதெல்லாம் எங்க ஜெனரல் மேனேஜர் டிபார்ட்மெண்டுல்லா" என்றார். "கொல்லையில இருக்காரு. போய்ப் பாருங்க."

கொல்லையில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்த மணிகண்டராஜுக்குப் பேச ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம். "வாங்க சார், வாங்க. நானே உங்களத் தேடி வரணும்னு இருந்தேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். முதுகுவலியைச் சொன்னார். வத்தல் மண்டியைச் சொன்னார். கனகசபாபதி 'எட்டு வீடு' என்று ஆரம்பித்ததும், அந்த எட்டில் ஏதாவது ஒரு வீடு காலியாக இருக்கிறதா என்று ஆவலாகக் கேட்டார்.

"எனக்கு ஒரு மச்சினன் இருக்கான் சார். தங்கமான பய. சும்மாதான் இருக்கான். உங்க கம்பெனில ஒரு நாற்காலி மட்டும் போட்டுக் குடுங்க, அவன்பாட்டுக்கு உக்காந்திருப்பான், ஒரு தொந்தரவு கிடையாது. ராத்திரி பஸ்ஸுல உங்ககூடவே ஏத்தி விட்டுரட்டுமா?"

அன்றைக்குத்தான் கனகசபாபதிக்கு முதல்முறையாக வியர்த்தது. டையைத் தளர்த்திக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். கொல்லை வாசல் வழியாகவே, திரும்பிப் பார்க்காமல், கைவீசிக்கொண்டு போனார். கையில் ஒரு மத்தாப்புப் பெட்டிகூட இல்லை.

ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சீனிவாசகம் இறங்கி ஓடி வந்தார்.

"மாப்ளே, வாங்க, முன்னால வந்து உக்காருங்க."

மணிகண்டராஜ் எழுந்திருக்கவில்லை. சத்தம் கேட்டுக் குடோன் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சட்டம்னா சட்டம்தான அத்தான்? பயன எல்லாரு முன்னாலயும் சொல்லணும்லா. எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க சொல்லுங்க."

சீனிவாசகம் பெண்களைப் பார்த்தார். வேப்பமரத்தைப் பார்த்தார். கழுத்து மாலை வாடிப்போய் உறுத்தியது, கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு இல்லைன்னு சொல்ல வரல" என்றார் மெதுவாக. "எவனாவது வள்ளல்ன்னுட்டா எந்திரிச்சுக் குடுத்துர்றேன். ரெண்டு நாளா பாதிக் குடோனத் தூக்கிக் குடுத்துட்டேன். இவரு முன்னால உக்காந்திருந்தா ஒருத்தனும் உள்ள வரமாட்டான். போதுமா?"

"பெட்டி அங்கனதான் போச்சா?" என்றாள் சண்முகத்தாய். "நான் இவளுக சேலையெல்லாம்ல உதறிப் பாத்தேன்."

லோடுமேன்கள் வந்தார்கள். மணிகண்டராஜ் இறங்கிக்கொள்ளவில்லை, சப்பரத்தில் சாமி வருகிற மாதிரி நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் மின்விசிறிக்குக் கீழே வைத்தார்கள். அவர் தெருவைப் பார்த்து ஒரு சுற்றுச் சுற்றினார். அப்போது சீனிவாசகம் பக்கத்தில் வந்து குனிந்து, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள், காலை ஏழு மணிக்கெல்லாம் வாசலில் வந்து உட்கார்ந்துவிட வேண்டும், இனித் தீபாவளி வரைக்கும் லீவு கிடையாது என்றார்.

மணிகண்டராஜ் சுற்றுவதை நிறுத்தினார். முதுகு வலிக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றும் சொன்னார். சீனிவாசகம் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஆறே முக்காலுக்கே வந்துவிட்டால் இன்னும் நல்லது என்றார்.