திரும்பி வந்த சரக்கு

வெண்டல் ஹார்கிஸ் தன்னை ஒஹாயோவிலேயே பெரிய பேரக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் வியாபாரம் செய்தவர்கள் அந்த நினைப்புக்கு ஒரு கீறல்கூட விழாமல் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அதில்தான் லாபம்.

டோலிடோ நாரைகள் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்கு அவன் ஜெனரல் மேனேஜர். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் விழுகிற அந்த ஆட்டம் மற்ற ஊர்களில் ஜனவரி, பிப்ரவரி வரை நடக்கும். நாரைகளுக்கு டிசம்பரிலேயே வேலை முடிந்துவிடும். அதற்கப்புறம் நடப்பது சந்தை. யாரை வைத்துக்கொள்வது, யாரைக் கழிப்பது, யாரைக் கொடுத்து யாரை வாங்குவது. களத்தில் தோற்றவர்களெல்லாம் மேஜையில் ஜெயித்துக்கொள்ளும் மாதங்கள் அவை. வெண்டலுக்குப் பிடித்த மாதங்களும் அவைதான்.

இந்த மார்ச்சில் அவன் செய்த பெரிய காரியம், அணித் தலைவன் ரூஃபஸ் டிலார்டை விற்றது. பந்தை எறிகிற குவாட்டர்பேக்குக்கு இடது முதுகுப் பக்கம் கண் கிடையாது. அந்தப் பக்கமாகப் பாய்ந்து வருகிற தடியர்களைத் தடுத்து நிறுத்துவது ரூஃபஸின் தொழில். பதினோரு வருடமாகச் செய்கிறான். தலைவனாக அவனைத் தேர்ந்தெடுத்தது முதலாளியோ மேனேஜரோ இல்லை. ஆட்டக்காரர்களே வருடாவருடம் சீட்டெழுதிப் போட்டு அவனைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவனை மேற்கே ஓர் அணிக்குத் தள்ளிவிட்டு, அங்கிருந்து அதே வேலைக்குக் குவின் மேபெரி என்ற இளங்காளையை வாங்குவதாகப் பேச்சு. தொலைபேசியில் முடிந்தது. ஆனால் இரண்டு தரப்பு வைத்தியர்களும் ஆளைத் தட்டிப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அந்தப் பேச்சு செல்லும். இதை அணி அலுவலகத்தில் தரை துடைப்பவர்வரை எல்லோரும் அறிவார்கள்.

முதலாளி டிரிப் ஸ்டான்செலுக்கு அதுவரை பொறுக்கவில்லை. அந்தப் பெயரில் அவன் மூன்றாவது ஸ்டான்செல். தாத்தா ஜன்னல் கண்ணாடி செய்தார். அப்பா அந்தக் காசில் அணியை வாங்கினார். பேரன் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டிருந்தான். மேபெரியின் படத்தை நெடுஞ்சாலை ஓரத்தில் வீடு உயரத்துக்கு ஏற்றிவிட்டு வெண்டலைக் கூப்பிட்டான்.

"ஜனம் கோவப்படும். பழைய ஆளுக்குக் கால் போச்சுன்னு ரேடியோல சொல்லிடு."

வெண்டல் அன்றே மார்ஜ் கோவாக்கின் நிகழ்ச்சிக்குப் போனான். மார்ஜ் என்றால் அந்த ஊரில் காலை வேளை என்று அர்த்தம். காப்பி போடுகிறவர்கள் எல்லோரும் அவள் குரலோடுதான் போடுவார்கள். ரூஃபஸுக்குக் கால் போய்விட்டது என்று வெண்டல் சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்த வாய் கணக்குப் பார்ப்பதில்லை. சொந்தக் கையிலிருந்து கொஞ்சம் போட்டான்.

"உள்ள இருக்கறவனுக்குத்தான் தெரியும், மார்ஜ். ரெண்டு வருஷமா பசங்க யாரும் அவர் பேச்சைக் கேக்கறதே இல்ல. தலைவர்னு பேருதான். உடம்பு வலிக்கு ஐஸ் தொட்டியில உக்காந்துக்கிட்டுத் தலைமை தாங்கறாரு."

"அப்படியா கண்ணு? போன ஆகஸ்ட்லகூட அவருக்குத்தானே சீட்டுப் போட்டாங்க?"

"பரிதாபப்பட்டுப் போட்டதுதான்."

தெருவில் தள்ளுவண்டி வைத்திருப்பவன்கூட, வாங்கியவன் பையில் போட்டுக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை தன் தக்காளியை அழுகல் என்று சொல்லமாட்டான். வெண்டல் சொன்னான். ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

அடுத்த வாரம் வைத்தியர்கள் மேபெரியின் முட்டியைப் படம் பிடித்தார்கள். அங்கே சவ்வு என்று ஒன்று முன்பு குடியிருந்ததற்கான அடையாளம் மட்டும் இருந்தது. மேற்கத்தி ஆட்கள் திடுக்கிட்ட குரலில் வருத்தம் சொன்னார்கள். நன்றாக ஒத்திகை பார்த்த குரல். வியாபாரம் செல்லாது என்று ஆனது. நெடுஞ்சாலை ஓரத்துப் படத்தை இறக்கினார்கள். ரூஃபஸ் டிலார்ட், கால் போனவன், பேச்சு எடுபடாதவன், முழுச் சம்பளத்தோடு நாரைகளின் வாசலுக்குத் திரும்பி வந்து நின்றான்.

உண்மையில் வந்து நிற்கவில்லை. அதுதான் சிக்கல். ஓய்வு பெறப் போவதாக ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டான்.

டிரிப் தன் அறையில் கால்களை மேஜைமேல் போட்டுக்கொண்டு வெண்டலை வரவேற்றான்.

"கோல்பி கூப்பிட்டான்." கோல்பி இளம் குவாட்டர்பேக், அணியின் பாதிச் சம்பளம் அவனுக்கே போகிறது. "ரூஃபஸ் இல்லாம களத்துல இறங்க மாட்டானாம். அவன் முதுகுக்கு நீ வந்து நிக்கறியான்னு கேக்கறான்."

"நான் ரூஃபஸ்கிட்டப் பேசறேன் சார்."

"பேசு. அவர் சிரிச்ச முகத்தோட திரும்பி வரணும். வரலைன்னா உன் நாற்காலியில வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"நீங்கதான் சார் சொல்லச் சொன்னீங்க."

"காலைப் பத்திச் சொல்லச் சொன்னேன். மிச்சமெல்லாம் உன் சொந்தச் சரக்கு." டிரிப் கால்களை இறக்கினான். "என்ன வேணா சொல்லு, என்ன வேணா குடு. என்னைக் கூப்பிடாத. ஃப்ளோரிடாவுக்கு மீன் பிடிக்கப் போறேன்."

கிறிஸ்தவர்கள் இறைச்சி தொடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமை. லாக்ரேஞ்ச் தெருவில் மாதா கோயில் கூடத்தில் மீன் வறுவல் நடந்துகொண்டிருந்தது. ரூஃபஸ் வருடம் தவறாமல் அங்கே நின்று பரிமாறுவான் என்பது தெரியும். ஆறடி ஆறங்குலம், முன்னூற்றுச் சொச்சம் பவுண்டு. அவன் கட்டியிருந்த சமையல் துணி குழந்தையின் கழுத்துத் துணி போலத் தெரிந்தது. வெண்டல் நேராக மேஜைக்குப் போகப் பார்த்தான்.

"வரிசை பின்னால இருக்கு," என்றாள் ரசீது கிழிக்கிற பெண்மணி.

"நான் நாரைகளோட ஜெனரல் மேனேஜர்."

"தெரியும்ப்பா. அதனாலதான் பின்னாலேன்னு நெனவு படுத்தறேன்."

வரிசையில் நின்றான். முன்னால் நின்ற கிழவர் திரும்பி அவனை மேலும் கீழும் பார்த்தார். "எங்க வீட்டு நாய்க்கும் முட்டி போச்சு. வாங்கிக்கறீங்களா?" என்றார். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வெண்டலும் சேர்ந்து சிரித்தான். அது அவன் தொழில் பழக்கம்.

கடைசியில் ரூஃபஸ் முன்னால் தட்டை நீட்டினான்.

"பெர்ச் மீனா, பியரோகிக் கொழுக்கட்டையா, மேனேஜர் சார்?"

"கேப்டன், ஒரு நிமிஷம் தனியாப் பேசலாமா?"

"அன்னைக்கு ஊருக்கே கேக்கற மாதிரிப் பேசினீங்க. இன்னைக்கு என்ன தனியா? பெர்ச்சே வெக்கறேன்." இரண்டு துண்டு விழுந்தது.

"தப்பாப் போச்சு. ஒத்துக்கறேன். அறிக்கை விட்டுடறோம். 'எங்கள் இதயம்'னு தலைப்பு."

"கோஸ் போடட்டுமா?"

"மைதானத்துல ஒரு வாசலுக்கு உங்க பேர்."

"எந்த வாசல்? வெளிய போற வாசலா?"

"சரி, சிலை. வெண்கலத்துல."

"புறா உக்காரும்." ரூஃபஸ் கோஸை ஓரமாக வைத்தான். "இங்க பாரு வெண்டல். வரிசை நிக்குது, சுருக்கமாச் சொல்றேன். திங்கக்கிழமை காலையில அதே மார்ஜ்கிட்டப் போ. அன்னைக்குச் சொன்னதுல எது யாரோட வார்த்தைன்னு பிரிச்சுச் சொல்லு. முதலாளி சொன்னது முதலாளியோடது, நீ சொன்னது உன்னோடதுன்னு. அவ்வளவுதான்."

"சொன்னா வந்துடுவீங்களா?"

"சொல்லிப் பாரு."

"வந்துடுவீங்கன்னு ஒரு வார்த்தை..."

"அடுத்தவங்க தட்டை நீட்டுங்க," என்றான் ரூஃபஸ்.

வெண்டல் காரில் உட்கார்ந்து மீனைத் தின்றான். நன்றாகவே இருந்தது. மனமும் நன்றாகவே இருந்தது. சிலை கேட்பான், சம்பளம் ஏற்றச் சொல்வான் என்று நினைத்தால், இந்தத் தடியன் போயும் போயும் வார்த்தையைக் கேட்கிறான். வார்த்தைக்கு என்ன செலவு? இவ்வளவு மலிவாக ஒரு தலைவனைத் திரும்ப வாங்கியவன் இந்த லீக்கில் யாரும் இல்லை என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பாகம் பிரித்துப் பார்த்தான். கால் விஷயம் டிரிப் சொன்னது. அதில் பிரச்சினை இல்லை. பசங்க பேச்சைக் கேட்பதில்லை என்பதும் ஐஸ் தொட்டியும் தன்னுடையது. அதைத் தன்னுடையது என்று ஒத்துக்கொண்டால் ஆகஸ்டில் பயிற்சி தொடங்கும்போது ஆட்டக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? நாளைக்கு வேறு அணியில் வேலை கேட்டால் எவன் கொடுப்பான்? டிரிப்போ படகில் இருக்கிறான். அவனுக்குத் தன் பெயர் வருகிற ரேடியோகூடக் கேட்கிற வழக்கமில்லை. கேட்டாலும் உறைக்காத தோல். ஒரு மூட்டை சுமக்கிறவன் முதுகில் இரண்டாவதையும் ஏற்றினால் என்ன குறைந்துவிடும்? ரூஃபஸுக்குத் தேவை ஒரு குற்றவாளி; கோடீஸ்வரக் குற்றவாளி என்றால் கசக்குமா? கணக்கு இவ்வளவு அழகாக நேராகும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை மார்ஜின் எதிரே உட்கார்ந்தான். தொண்டையைக் கனைத்து, வருத்தப்பட்ட முகத்தை வைத்துக்கொண்டான். ரேடியோவுக்கு முகம் தேவையில்லை என்பதை மார்ஜ் அவனுக்குச் சொல்லவில்லை.

"மார்ஜ், உண்மையைச் சொல்லணும்னு வந்திருக்கேன். ரூஃபஸுக்குக் கால் போச்சுன்னு சொன்னது என் கருத்து இல்ல. அப்படிச் சொல்லச் சொன்னது முதலாளி."

"பெரிய பேச்சாச்சே கண்ணு. வேலை போயிடாதா?"

"மனசாட்சின்னு ஒண்ணு இருக்கே." அந்தச் சொல் வாயிலிருந்து வெளியே வந்தபோது அவனுக்கே கொஞ்சம் புதிதாக இருந்தது.

மார்ஜ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துத் தலையாட்டினாள். "லைன்ல ஒருத்தர் இருக்காரு. ரூஃபஸ், பேசுங்க."

"காலை வணக்கம் மார்ஜ். வெண்டல், கால் கணக்குத் தீர்ந்துச்சு. நன்றி." ரூஃபஸின் குரலில் அவசரம் இல்லை. பின்னணியில் தட்டில் கரண்டி படும் சத்தம் கேட்டது. "ஒரே ஒரு சந்தேகம். பசங்க என் பேச்சைக் கேக்கறதில்லைன்னு சொன்னியே. அது யாரோட வார்த்தை?"

வெண்டல் ஒரு பெருமூச்சு விட்டான். நன்றாக வந்தது.

"அதுவும் மேலிடத்துல சொன்னதுதான் கேப்டன். ஐஸ் தொட்டி உட்பட. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

"நிச்சயமா?"

"என் பிள்ளைங்க மேல ஆணை."

கரண்டியைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு வேறொரு குரல் வந்தது.

"ஹலோ வெண்டல். டிரிப் பேசறேன். ரூஃபஸ் வீட்டுல முட்டை சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்."

ஒலிக்கூடத்தில் மார்ஜ் மட்டும்தான் அசைந்தாள். காப்பிக் கோப்பையை இன்னும் வசதியாகப் பிடித்துக்கொண்டாள்.

"சார், ஃப்ளோரிடா..."

"காத்து ஜாஸ்தியாம், போகல. கால் பத்திச் சொல்லச் சொன்னது நான்தான், ஊருக்கே சொல்றேன். அதுக்கு இவர்கிட்ட மன்னிப்பும் கேட்டாச்சு. சம்பளத்தை ஏத்திக் குடுத்துக் கேட்டேன், நல்லாவே கேட்டேன்." வெட்கத்தின் சாயல்கூட இல்லாத குரல். "உன்னை என்ன பண்றதுன்னு இவரையே முடிவு பண்ணச் சொன்னேன்."

"நான் பெருசா ஒண்ணும் கேக்கல மார்ஜ்," என்றான் ரூஃபஸ். "அந்த ஒரு வார்த்தையை என்னுதுன்னு சொல்லியிருந்தா, இந்த ஆள் கூடவே இன்னும் நாலு வருஷம் தோத்துட்டுப் போறேன்னு இருந்தேன். ஆட்டக்காரங்க ரூம்ல அம்பத்து மூணு பேர் இருக்காங்க. பந்தை விட்டவன் நான்தான் விட்டேன்னு கையத் தூக்கணும். அதுதான் எங்க ஒரே சட்டம். தூக்காதவன் எங்களை அளந்து விலை போடக் கூடாது."

"அப்போ நீங்க திரும்ப வர்றீங்க?" என்றாள் மார்ஜ்.

"வர்றேன். ஐஸ் தொட்டி எனக்குப் பிடிக்கும்."

அணி அலுவலகத்திலிருந்து அறிவிப்பு அதற்குள் மார்ஜின் திரையில் வந்து உட்கார்ந்துவிட்டது. தயாராக எழுதி வைத்திருந்தார்கள் போல. அவள் அதை ஒரு முறை மௌனமாகப் படித்துவிட்டு, மெத்தைக் கடை விளம்பரத்தை ஓடவிட்டாள். விளம்பரம் ஓடும்போது ஊருக்குக் கேட்காது. ஆனால் தொலைபேசி இணைப்பை அவள் வெட்டவில்லை.

"நான் படிக்கணும் கண்ணு. 'பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார்'னு இருக்கு."

வேலை போனது போனதுதான். ஆனாலும் பேரக்காரன் பேரக்காரன்தான். மெத்தை விளம்பரம் முடிவதற்குள் ஏதாவது ஒன்றைத் திருப்பி வாங்கியாக வேண்டும்.

"மார்ஜ், 'ராஜினாமா செய்தார்'னு படிக்க முடியுமா? ஒரு சொல்தான். என் மரியாதை... அடுத்த வேலைக்குப் போகும்போது..."

"எனக்கென்ன, முதலாளி சரின்னா சரி. மிஸ்டர் ஸ்டான்செல், கேட்டுதா?"

"கேட்டுது," என்றான் டிரிப் வாயில் எதையோ மென்றுகொண்டு. "தாராளமா. ராஜினாமான்னே போட்டுக்கட்டும். ஆனா வெண்டல், ஒப்பந்தம் நீயே எழுதினது, உனக்கு ஞாபகம் இருக்கும். நாங்க நீக்கினா மிச்சம் மூணு வருஷச் சம்பளம் உனக்கு வரும். நீயாப் போனா ஒண்ணும் கிடையாது. எது வேணும்?"

விளம்பரத்தில் ஒரு பெண் தூக்கத்தின் அருமையைப் பாடிக்கொண்டிருந்தாள். தொலைபேசியின் அந்தப் பக்கம் ரூஃபஸ் மூச்சு விடுவது கேட்டது. மார்ஜ் ஒரு விரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பாட்டு முடிகிற இடத்துக்கு வந்தது.

வெண்டல் மைக்கைத் தன் பக்கத்திலிருந்து மெல்ல அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

"நீக்கம்னே படிங்க," என்றான். "தெளிவாப் படிங்க, மார்ஜ்."